கிணற்றில் போடாத பொட்டலம்

மூன்றாவது முறை பூக் கேட்கப் போனபோது குலசாமி கோயிலில் அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், பூசாரி இருந்தார், நான் இருந்தேன். அத்தை இல்லை. அப்பாவின் அக்காவான அவர்தான் எங்கள் குடும்பத்தில் வழக்கமாகப் பொட்டலம் கட்டுகிறவர். அந்த வாரம் அவர் புருஷன் வழிப் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு கழியாமல் கோயில் வாசலை மிதிக்க முடியாது. அத்தை வந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது. அம்மாவும் மறுபடி ஒரு சிவப்பை வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். எது நல்லது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பூக் கேட்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. எங்கள் சாமிக்கு நந்தியாவட்டையும் செவ்வரளியும். வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியாக மடித்து, நிறம் தெரியாதபடி நாரால் கட்டி, சாமி காலடியில் வைப்பார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று. சிவப்பு வந்தால் வேண்டாம். அடுத்த அமாவாசை வரை மறுபடி கேட்கக் கூடாது. யாருடைய காரியமோ அவர் பொட்டலத்தைத் தொடக் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிட வேண்டும். தோட்டத்தில் போர்வெல் போடுவதற்கும் பெண் எடுப்பதற்கும் எங்கள் ஆட்கள் இப்படித்தான் கேட்பார்கள்.

அம்மா கேட்டது, மார்பில் இருந்த கட்டியை அறுக்கலாமா என்று.

அந்தக் கட்டி என்னவென்று வீட்டில் முதலில் தெரிந்துகொண்டவன் நான். நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளே நான்தான். அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். அம்மா பரமத்தி வேலூர்ப் பக்கம் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, நூறு நூறாக அடுக்கிக் கட்டுகிறவள். அம்மாவின் ரிப்போர்ட்டை நின்றபடியே படித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். அந்த வார்த்தைகளின் பொருள் தெரியாதவனாக இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக நினைத்தேன்.

சேலத்து டாக்டர் இரண்டு வாரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும் என்றார். அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, "சாமிகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போட்டு வாரேனுங்க" என்றாள். டாக்டர் சிரித்தார். "கேளுங்கம்மா. கொஞ்சம் வெரசாக் கேளுங்க."

முதல் அமாவாசைக்குச் சிவப்பு வந்தது.

அடுத்த அமாவாசைவரை எங்கள் வீட்டில் நடந்தது சண்டைதான். நான் நோய் முற்றியவர்களின் படங்களைக் காட்டினேன், கத்தினேன், சாப்பிடாமல் கிடந்தேன். அப்பா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருப்பார். "ஏனுங்கப்பா, நீங்களாவது சொல்லுங்க" என்றால், "சாமிக்கு மேல நானென்னத்தச் சொல்றது" என்பார். அம்மா மட்டும் நிதானமாகப் பேசுவாள்.

"அதுக்குக் காது கேக்குமாம்மா? அது கல்லு."

"கல்லுதாங் கண்ணு. நீ கத்தற கத்துக்கு அதுவே எந்திரிச்சு ஓடீருக்கோணும். இன்னும் உக்காந்திருக்குதுல்ல."

இரண்டாம் அமாவாசைக்கும் சிவப்பு. அதற்குள் அக்குளில் இன்னொரு கட்டி கையில் தட்டுப்பட்டது.

கல்லூரியில் ஒருமுறை, மதம் மனிதனை அடிமையாக்குகிறதா என்று பட்டிமன்றம் வைத்தார்கள். ஆக்குகிறது என்று பேசி ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கினேன். எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. அம்மாவையே உதாரணமாகச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை விரதம், அம்மனுக்கு நேர்ந்த நாள் என்று வேலைக்குப் போகாமல் கூலியை இழக்கிறாள், வயிற்றைக் காயப் போடுகிறாள் என்றேன். கைதட்டினார்கள். அந்த டிபன் பாக்ஸில்தான் அம்மா கொடிக்காலுக்குச் சோறு கொண்டு போனாள். செவ்வாய் தவிர.

மூன்றாம் அமாவாசைக்கு அத்தை வரவில்லை என்றதும் அப்பா என்னைப் பார்த்தார். "நீ கட்டு. படிச்ச கையி, சுத்தமாக் கட்டும்" என்றார். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாளிடம் பத்து ரூபாய்க்கு நந்தியாவட்டையும் பத்து ரூபாய்க்கு அரளியும் வாங்கினேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அரளியை அப்படியே வேலிக்குள் எறிந்தேன். இரண்டு இலையிலும் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். நார் இரண்டு முறை அறுந்தது. எனக்குச் சாமி பயம் கிடையாது. ஆனாலும் சாமி இருந்த பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் கட்டினேன்.

பூசாரி பிரித்த பொட்டலத்தில் வெள்ளையைப் பார்த்ததும் அம்மா உட்கார்ந்துவிட்டாள். மண்ணில் நெற்றி படும்படி குனிந்து, வெகுநேரம் எழவில்லை. அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஆத்தா மனசு எறங்கீட்டா, அம்மிணி. தைரியமாப் போய்ட்டு வாங்க" என்று பூசாரி திருநீறு பூசினார். மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனேன். கிணற்றடியில் யாரோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து விழும்போது கட்டு அவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு அதை மறந்துபோனேன். மறுநாளே சேலத்தில் அட்மிஷன், ரத்தம், கையெழுத்து என்று ஓடியதில் அந்தச் சட்டை ஒரு பைக்குள் சுருண்டு கிடந்தது.

அறுவை முடிந்து பன்னிரண்டாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தாள். இடது கையைத் தூக்கக் கூடாது. சும்மா இருக்க மாட்டாமல் வலது கையால் ஆஸ்பத்திரிப் பைகளைப் பிரித்து அழுக்குத் துணிகளை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேலை முடிந்து வந்தபோது அவள் மடியில் காய்ந்த வாழையிலைத் துண்டு ஒன்று விரிந்து கிடந்தது. பூ பழுப்பாகியிருந்தது. ஆனாலும் நந்தியாவட்டை காய்ந்தால் ஒரு மாதிரி, அரளி காய்ந்தால் வேறு மாதிரி. அவளுக்குத் தெரியாதா?

"இத ஏஞ் சாமி, பாக்கெட்டுல வெச்சிருந்த?" என்றாள். "நானெல்லாம் அப்பவே கெணத்துல போட்டுட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது அப்பா என்னைத் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் வேலைக்கு வடக்கே அனுப்புவதாகப் பேசி முடித்திருந்தார். அம்மாதான் சாமியைக் கேட்டுவிடலாம் என்றாள். கேட்டார்கள். வெள்ளை வந்தது. நான் கல்லூரிக்குப் போனேன். அன்றைக்கு அத்தைக்குக் காய்ச்சல், அதனால் பொட்டலம் கட்டியது அம்மா.

"ரெண்டுலயும் வெள்ளதாங் கட்டுனேன்."

"அப்பறம் உனக்கென்னம்மா சாமி, பூவு? நம்பிக்க இல்லாமத்தான இத்தன நாளு..."

"நம்பிக்க இல்லாமயா? உன்னயப் படிக்க வெக்கோணும்னு எனக்கே நல்லாத் தெரியும். தெரிஞ்சத எதுக்குச் சாமிகிட்டக் கேக்கறது? அது உங்கப்பனுக்காவக் கேட்டது. அந்த மனுசன் நாஞ் சொன்னாக் கேப்பாரா? சாமி சொன்னாத்தாங் கேப்பாரு. இது அப்பிடியில்ல கண்ணு. அறுத்தா நல்லதா, அப்பிடியே உட்டா நல்லதா, எனக்குத் தெரியல. நெசமாவே தெரியாமத்தாங் கேட்டேன்."

அவள் அந்தப் பூவை இலையோடு மறுபடி மடித்தாள். வெற்றிலை அடுக்குகிற விரல்கள்; ஒரு கையாலேயே சுத்தமாக மடித்துவிட்டாள்.

"மயக்க ஊசி போட்டப்ப, சாமி கூட நிக்குதுன்னு நெனச்சுட்டுத்தாம் படுத்தேன். அங்க யாருமே இல்லாமத்தாம் படுத்திருந்தனா?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். உன் உயிர் போகிறதே என்றுதான் செய்தேன் என்றேன். அவள், "தெரியுஞ் சாமி" என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா எதையும் மறுப்பதில்லை. மருந்து ஏற்றப் போகலாமா என்றால், "நீ சொன்னாச் சரி." முடியை மொத்தமாக எடுத்துவிடலாமா என்றால், "நீ சொன்னாச் சரி." ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடித்துவிட்டாள். அந்தக் கிழமையில் அவள் ஒரு பருக்கையை வாயில் வைத்து நான் பிறந்த நாளிலிருந்து பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைகள் எனக்கு வேறாகத் தெரிந்தன. தோட்டக்காரர் வாசலில் நின்று, ஆள் பத்தவில்லை, இலை முத்துகிறது என்று சத்தம் போடுவார். அம்மா உள்ளேயிருந்து, "இன்னிக்குச் சாமி நாளுங்க" என்பாள். அவ்வளவுதான். மற்ற ஆறு நாளும் அவர் சொன்ன நேரத்துக்குப் போய், அவர் சொன்ன நேரத்துக்குத் திரும்புகிறவள். அப்பாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான். 'முடியாது' என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. 'சாமி விடல' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் மேடையில் சங்கிலி என்று சொன்னது, அவள் கதவுக்கு உள்பக்கம் போட்டுக்கொண்ட தாழ்ப்பாள். அதை நான் அவள் நல்லதுக்காகவே உடைத்தேன். பூ சிவப்பாக வந்த இரண்டு மாதத்தில் நோய் பரவியதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஒன்றை நினைக்கும்போது மற்றொன்றை மறக்கப் பார்க்கிறேன். பஸ்ஸிலும் வேலையிடத்திலும் இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் நுரையீரலிலும் தெரிகிறது என்றார் டாக்டர். கோயம்புத்தூர் போய் விலை கூடின மருந்து ஏற்றிப் பார்க்கலாம், இல்லையென்றால் வீட்டில் வைத்து வலிக்கு மட்டும் கொடுக்கலாம், நீங்களே பேசி முடிவெடுங்கள் என்றார். அம்மாவிடம் கேட்டேன். நீ சொன்னாச் சரி என்றாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். "உன்னோட உசுரும்மா. நீ சொல்லு. இல்ல, சாமிகிட்டக் கேளு. நான் உள்ளயே வல்ல. அத்தை கட்டட்டும்."

அமாவாசைக்குப் போனோம். அப்பாவுக்கு அன்றைக்குக் கரும்பு வெட்டு, வரவில்லை. நான் ரோட்டோரத்திலேயே நின்றுகொண்டேன். அத்தை பொட்டலம் கட்டினார், பூசாரி காலடியில் வைத்தார், கண்ணை மூடிக் கையை நீட்டினார். அப்போது அம்மா, "வேண்டாமுங்க" என்றது வெளியே எனக்கும் கேட்டது.

"ஏனுங்கம்மிணி?"

"வெள்ள வந்தா எம் பையன் வெச்சுதுன்னு தோணுமுங்க. செவப்பு வந்தா, அவம் பண்ணுனதுக்குச் சாமி கோவத்துல குடுக்குதுன்னு தோணும். எது வந்தாலும் எனக்குப் பிரயோசனமில்லீங்க. ரெண்டயும் எடுத்துருங்க."

அம்மா அந்த இரண்டு பொட்டலங்களையும் வாங்கி, தானே கிணற்றடிக்கு நடந்து போய், உள்ளே போட்டாள். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போலாஞ் சாமி. எங்க கூட்டிட்டுப் போறியோ அங்க போலாம்."

கோயம்புத்தூர்தான் போனோம். அதை முடிவு செய்தது நான். முதல் ஊசி ஏற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அம்மா ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்தாள். முன்சீட்டிலிருந்து அப்பா திரும்பி, "எல்லாஞ் சேத்து இதுவரைக்கும் எவ்வளவு ஆயிருக்கும் கண்ணு?" என்றார். அறுவைக்கும் மருந்துக்கும் வண்டிச் செலவுக்கும் சேர்த்து மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் என்றேன்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"மூணாந்தடவ பூவுக்குக் குடுத்தியே இருவது ரூபா, அதயுஞ் சேத்துச் சொல்லு" என்றாள்.

அப்பாவுக்கு இன்னும் அந்த விஷயம் தெரியாது; அத்தையும் சொல்லவில்லை. அம்மா சொன்னபடியே சேர்த்துச் சொன்னேன். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து இருபது ரூபாய்.