நெதர்லாந்து வழியாகப் பார்த்த கபடி

எனக்கு எழுபத்து மூன்று வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது என் மகள் வயிற்றுப் பேத்தி. மகளுக்குப் பனியன் கம்பெனியில் ஷிப்டு மாறி மாறி வரும். அதனால் பத்து வயது வரைக்கும் அந்தப் பிள்ளை அருள்புரத்தில் என்னிடம்தான் வளர்ந்தாள். இன்று வடக்கே ஒரு பெண்கள் கபடி அணியில் இருக்கிறாள். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகனுடைய மகள். எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கபடிக்காரி போன் செய்தாள். சீசன் முழுக்க ஓரத்தில் உட்கார வைத்திருந்தவளை அன்றைக்குத்தான் இறக்கப் போகிறார்களாம்.

"ஒருதரமோ ரெண்டுதரமோதான் பாடப் போவேனுங்க அம்மாயி. நீங்க பாக்கோணும்" என்றாள்.

நான் மட்டும் பார்த்தால் போதுமா? எங்கள் லைன் வீட்டில் குடியிருக்கும் ஆறு குடும்பத்தையும் நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டேன். வந்தார்கள். பாய் விரித்துக் கடலை வறுத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எங்கள் பக்கம் ஒரு மாதிரி இருக்கும். ஆறு நாள் ஓடின நிட்டிங் மெஷின் நின்ற பிறகும் காதுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி இறங்குகிறதா ஏறுகிறதா என்று தெரியாமல் மிதக்கும். அதைப் பார்த்தபடியே நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அப்போதுதான் டி.வி.யில் வெள்ளையாக ஒரு பக்கம் வந்து நின்றது.

கிரிக்கெட்டோ கபடியோ, எங்கள் வீட்டில் எந்த ஆட்டத்தையும் காசில்லாமல் காட்டுகிற ஒரு இடத்தில்தான் பார்ப்போம். போனில் திறந்து டி.வி.யில் இணைப்பாள், இதை எழுதுகிற பேத்தி. அது திருட்டுத்தனமாகக் காட்டுகிற இடம் என்று தெரியாமல் இல்லை. அதைத்தான் அன்றைக்கு நெட்டுக்காரர் அடைத்துவிட்டார், மேலிடத்து உத்தரவாம். ஆட்டத்தையே அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

பேத்தி பதறவில்லை. வி.பி.என். என்று ஒன்று இருக்கிறது என்றாள்.

"அது போட்டாத் தெறக்குமா கண்ணு?"

"தெறக்குமுங்க அப்பாயி. மறிச்சு நிக்கறது நம்ம நெட்டுக்காரருதானுங்க. நாம மூடுன வண்டீல வேற நாட்டுக்குப் போயி, அங்கிருந்து அந்த எடத்துக்குப் போறோம். வண்டி போறது அவருக்குத் தெரியும். எங்க போகுதுன்னு தெரியாதுங்க."

அந்த வண்டிக்காரன் யார் என்று மருமகள் கேட்டாள். கூலி வாங்காமல் ஓட்டுகிறவன் நம் மூட்டையைப் பிரித்துப் பார்க்கமாட்டானா, பாங்க் கணக்கெல்லாம் அந்தப் போனில்தானே இருக்கிறது என்றாள். நல்ல கேள்வி. நான்தான் காதில் வாங்கவில்லை.

எந்த நாட்டுக்குப் போகலாம் என்று பேத்தி வரிசையாகப் படித்தாள். நெதர்லாந்து என்றேன். தைத்த துணியில் பழுதைத் தேடிக் கழிக்கிற செக்கிங்கில் முப்பது வருஷம் நின்றவள் நான். என் கையைத் தாண்டிப் போன பீஸ் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. முதல் தரம் கப்பலேறும்; ஓட்டை, கறை, தையல் விட்டது உள்ளூர்ச் சந்தைக்கு வரும். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். உள்ளூரில் அடைத்துவிட்டார்கள் என்றால் நல்லது வெளிநாட்டில்தானே இருக்கும்? கப்பலேறும் அட்டைப் பெட்டிகளின் மேல் நான் அதிகம் பார்த்த பெயர் நெதர்லாந்து.

அடைத்த இடம் திறந்துகொண்டது. திறந்ததே தவிர, படம் வரவில்லை. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் வீடு பாயோடும் கடலையோடும் கடலைத் தாண்டிப் போய் இறங்கிவிட்டது போல இருந்தது. வெளியே மழை தூறுகிறது. குளிரில் ஒரு பொம்பளை நடந்து போகிறாள். அவள் மேலே கிடக்கிற துணி நான் வெளிச்சத்தில் விரித்துத் தடவிப் பார்த்தது. அவளுக்கு அது தெரியாது. நான் அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று படம் மாறியது. பாதித் துணியோடு ஒருத்தி வந்து சீட்டாட வாருங்கள் என்று கூப்பிட்டாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருக்கும் டெய்லர் பெண் தன் மகன் கண்ணைப் பொத்தினாள்.

"கபடின்னுதான கூப்ட்டிய ஆச்சி? இது வேற ஆட்டமால்லா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கைதட்டினார்கள். அவள் வீட்டுக்காரர்தான், தன் போனில் கபடி பார்க்கிறார் என்றாள். ஆட்டம் நடத்துகிறவர்களே தங்கள் ஆப்பில் சும்மா காட்டுகிறார்களாம், நடுநடுவே விளம்பரம் வருமாம், அவ்வளவுதான். அங்கே போய்ப் பார்க்கலாமா என்று மருமகள் மெதுவாகக் கேட்டாள். வரச் சொன்னவள் நான். நான் எழுந்து போவேனா?

பேத்தி அந்த ஆப்பைப் போட்டாள். உங்கள் நாட்டில் இந்த நிகழ்ச்சி கிடையாது என்று வந்தது. நம் நாட்டில் கிடையாது என்றால் பக்கத்து வீடு எந்த நாடு என்று டெய்லர் பெண் கேட்டாள். பேத்தி போனை வெறித்துப் பார்த்தாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பாயி, நாம இன்னும் நெதர்லாந்துலயே இருக்கறோமுங்க."

வி.பி.என்.னை நிறுத்தினாள். ஊர் வந்து சேர்ந்தோம். அடுத்த நிமிஷம் கபடி தெளிவாக ஓடியது. கடைசி நாலு நிமிஷம்தான் மீதி. என் பிள்ளை பாடிப் போனாள். எதிரணிப் பக்கத்துக் கோட்டைத் தாண்டினாள். நாலு பேர் வளைத்து மடக்கப் பார்த்தார்கள். பிடிகொடுக்காமல் வெறுங்கையோடு திரும்பினாள். இடது தோளைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள், என் வீட்டில் நடை பழகின நாளில் நடந்த மாதிரியே.

சாயங்காலம் போன் வந்தது.

"மொதத்தடவ போயி ரெண்டு பேரத் தொட்டுட்டு வந்தனே, பாத்தீங்களா அம்மாயி?"

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டின கை எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

"பாத்தேன் கண்ணு" என்றேன்.

வீட்டையே நெதர்லாந்துக்கு ஓட்டிக்கொண்டு போனவள் நான் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. செக்கிங்கில் நின்ற காலத்தில் பழுதை நல்லதென்று நான் ஒருநாளும் அனுப்பிவிட்டதில்லை. அன்றைக்கு ஒரு பழுதை அனுப்பிவிட்டேன். அதனால்தான் இதை எழுதி அவளுக்கு அனுப்பச் சொல்கிறேன்.

கண்ணு, எழுதுனதயெல்லாம் மொதல்ல இருந்து ஒருக்கா படிச்சுக் காட்டு. மெதுவாப் படி. நான் பாத்தேன்னு சொன்னது பொய்யின்னு அதுல எழுதீருக்கியான்னு நான் கேக்கோணும். இல்லீன்னா இப்பவே எழுது.