பெஞ்சு தட்டிய வகுப்பு

அந்த மைக்கின் தலையில் மாட்டியிருந்த கறுப்புப் பஞ்சில் எச்சில் வாடை அடிக்கும். எனக்கு முன்னால் பேசிவிட்டுப் போனவர்களின் எச்சில், முந்தைய வருடத்துப் பிள்ளைகளின் எச்சில் என்று எல்லாம் ஊறிக் காய்ந்த அந்தப் பஞ்சுக்கு முன்னால் வாயைத் திறந்து "அவையோர் அனைவருக்கும் வணக்கம்" என்று சொல்லும்போதே எனக்குக் குமட்டும். கல்லூரி முதல் வருடத்தில் எங்களுக்குப் பேச்சுக்கலை என்றொரு பாடம் இருந்தது. பதினேழு வயதில் அதை வெறுத்த அளவுக்கு நான் வேறெதையும் பிறகு வெறுத்ததில்லை.

பாடம் நடத்தியவரை நாங்கள் "தட்டு சார்" என்போம். அவர் வைத்திருந்த சட்டம் அப்படி. மேடையேறியவர் வாயிலிருந்து "இன்னா", "வூடு", "வந்துகினு" என்று எங்கள் பக்கத்துப் பேச்சு ஒன்று நழுவினாலும், கீழே இருக்கிற மொத்த வகுப்பும் பெஞ்சைத் தட்ட வேண்டும். பேசுகிறவர் நிறுத்திவிட்டு மறுபடி வணக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தட்டாமல் சும்மா உட்கார்ந்திருப்பவர் அடுத்து மேடைக்கு. அதனால் எல்லோரும் தட்டினார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வந்த பிள்ளைகள்தான் அத்தனை பேரும். எங்கள் வீட்டுப் பேச்சுக்கு எங்களையே காவல் வைத்தார் மனுஷன். "இந்தத் தமிழோடு பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வேலை தேடிப் போனால் ஒருத்தனும் உங்களை உள்ளே விடமாட்டான்" என்பார், தினமும்.

எங்கள் வீட்டிலோ பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு வரும் தண்ணீர் லாரி முனையிலேயே திரும்பிப் போகப் பார்த்தால், அம்மா காலிக் குடத்தோடு அதன் முன்னால் போய் நின்றுகொண்டு, "கஸ்மாலம்", "பேமானி" என்று மூச்சு வாங்காமல் அடுக்குவாள். டிரைவர் காதைப் பொத்திக்கொண்டே வண்டியை உள்ளே விடுவார். பேச்சுக்கலை வகுப்பென்றால் எனக்கு நடுக்கம் என்றதும் அவளுக்குச் சிரிப்பு. "பேசறதுக்கு இன்னாத்துக்குடி பயந்துகினு கீற? நீ இன்னா திருடிட்டா வந்த?"

கடைசித் தேர்வுக்குச் சாலை விபத்துகளைப் பற்றிப் பேசுவதாக எழுதிக் கொடுத்தேன். முந்தைய வருடம்தான், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று, காலையில் சைக்கிளில் வேலைக்குக் கிளம்பிய என் அப்பாவை எங்கள் தெருமுனையிலேயே அடித்துப் போட்டிருந்தது. அவரை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். மனப்பாடம் செய்த உரை பாதி வரைக்கும் நன்றாகத்தான் போனது. அந்தக் காலைக்கு வந்ததும் எல்லாம் கழன்றுகொண்டது. "எங்க நைனா ரோட்டுல கெடந்துகினு கீறாரு, எங்கம்மா தலையில அடிச்சிகினு ஓடியாருது" என்றேன்.

பெஞ்சு தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் அழுதுகொண்டே தட்டினாள், அது நினைவிருக்கிறது. சார் நாற்காலியில் சாய்ந்தபடியே, "மறுபடியும், வணக்கத்திலிருந்து" என்றார். வணக்கம் சொன்னேன். "என் தந்தையார் சாலையில் வீழ்ந்து கிடந்தார், என் தாயார் கதறியபடி ஓடி வந்தார்" என்றேன். ஒரு பெஞ்சும் சத்தம் போடவில்லை. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். அந்த லாரி நைனா மேல் இன்னொரு தடவை ஏறின மாதிரி இருந்தது.

இன்று கல்யாண மண்டபங்களிலும் கம்பெனி விழாக்களிலும் மைக் பிடித்துத்தான் நான் சம்பாதிக்கிறேன். பாலத்தைத் தாண்டினேன், உள்ளேயும் விட்டார்கள். அந்த ஆள் சொன்னது பலித்துவிட்டதே என்பதில்தான் எனக்கு எரிச்சல் இன்னும் அதிகம். போன மாதம் அவருடைய பணி நிறைவு விழாவில் பேசச் சொல்லிப் பழைய மாணவி என்று என்னைக் கூப்பிட்டார்கள். நம் பேச்சிலேயே அவரை நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். "வுடாத, நாக்கப் புடுங்கிக்கிற மாரி கேளு" என்று அனுப்பினாள்.

மைக்கின் முன்னால் நின்று வாயைத் திறந்தேன். "ஐயா, எங்கள் நாவிலிருந்து எங்கள் வீட்டைத் தாங்கள் பறித்தீர்கள். என் தந்தையாரின் மரணத்தைக்கூடத் தங்கள் அனுமதி பெற்ற சொற்களில்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது" என்று வந்தது. அம்மாவின் வார்த்தை ஒன்றையாவது பிடித்து இழுக்கப் பார்த்தேன், நாக்கு வளையவில்லை. கூட்டம் கைதட்டியது. கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்த சார், நான் இறங்கும்போது கையைப் பிடித்து, "ஒரு பிழைகூட இல்லையம்மா" என்றார்.

எங்கள் தெருவில் இப்போது குழாயிலேயே தண்ணீர் வருகிறது, லாரியை மறித்து நின்று திட்டுவதற்கு யாருக்கும் அவசியமில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நைனா படத்துக்குக் கீழே காத்திருந்த அம்மா, "இன்னானு கேட்ட? சொல்லு" என்றாள். மேடையில் பேசியதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் செரிடி," என்றாள். "அந்தாள எப்போ திட்ன?"