கறுப்பு ரப்பரைக் கொடியில் காயப்போட்ட அக்கா

மேசைப்பந்து மட்டையின் ரப்பர் விரலைப் பிடித்து இழுப்பதுபோல் ஒட்ட வேண்டுமா, வழவழவென்று விட்டுவிட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. மலாக்கா டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் கண்ணாடி மேசைமேல் சிவப்பில் ஒன்றும் கறுப்பில் ஒன்றுமாக இரண்டு ரப்பர்களை எடுத்துப் போட்டு, “பிலே” என்றார் கடைக்காரத் தவுக்கே. தேர்ந்தெடுக்கச் சொன்னார். எங்கள் லீடர் அக்கா இரண்டையும் முதலில் மூக்கருகே வைத்து முகர்ந்தார். பிறகு கன்னத்தில் அழுத்தினார். பிறகு கறுப்பின் மூலையைப் பிடித்து இழுத்தே பார்த்துவிட்டார். “ஜாங்கான் தாரிக்! இழுக்காதே!” என்று தவுக்கே பதறி எழுந்தார். அக்கா என் பக்கம் திரும்பி, “நான் ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. எங்கிட்டயே ரப்பரப் பத்தி பேசுறாரு பாருலா,” என்றார். நான் தவுக்கேயைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்து வைத்தேன். அந்தக் காலத்தில் அக்காவோடு எங்கே போனாலும் அதுதான் என் வேலை.

மலாக்காவை அடுத்த பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. எஸ்டிபிஎம் பரீட்சை எழுதிவிட்டு, மேலே படிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாமல் நான் அங்கே தரப் பரிசோதனைப் பகுதியில் சேர்ந்திருந்தேன். அக்கா உற்பத்தி லைனுக்குத் தலைவி. அந்த லைனில் இருந்தவர்கள் நாள் முழுக்க நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் எதிரே வருகிற பஸ்ஸின் எண்கூடச் சிலருக்கு மங்கலாகத்தான் தெரியும். கேண்டீன் மூலையில் ஒரு பழைய பிங்பாங் மேசை கிடந்தது. ஆண்கள் வெளியே பந்து உதைக்கப் போய்விடுவதால் அது பெண்களுக்கே விடப்பட்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் பாதியை அக்கா அந்த மேசைக்குத்தான் கொடுப்பார். “கண்ணு ரெண்டும் அதுக்குள்ளயே கெடந்து செத்துப் போவுது தங்கச்சி. அந்தப் பந்து ஒண்ணுதான் என்னைத் தூரமா பாக்க வைக்குது,” என்பார்.

அந்த மேசைக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாக வந்த பெர்சனெல் மேனேஜருக்கு அந்த மூலை அட்டைப்பெட்டி அடுக்க வசதியாகத் தெரிந்தது. அக்கா நேராக அவர் அறைக்கே போய்ச் சண்டை போட்டார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்தார். தொழிற்சாலைகளுக்கு இடையே நடக்கும் விளையாட்டில் நம் பெண்கள் இரட்டையர் ஜோடி ஒவ்வொரு முறையும் முதல் சுற்றையாவது தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் மேசை போய்விடும். “யாருக்கா அந்த ஜோடி?” என்று கேட்டேன். “நானும் நீயும்தான்,” என்றார். நான் இடது கைக்காரி. ஒருவரையொருவர் இடித்துக்கொள்ள மாட்டோம் என்பது ஒன்றுதான் என்னிடம் அவர் கண்ட தகுதி.

இரண்டு ரப்பரையும் அக்காவின் மட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டினோம். சட்டமும் அப்படித்தான், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் கறுப்பு. பிறகு தொடங்கியது ஆராய்ச்சி. சிவப்பு துள்ளலானது. தொட்டாலே பந்து ஓடிவிடும். மெல்லத் தட்டினாலும் மேசையைத் தாண்டி யாருடைய மீகோரெங் நூடுல்ஸ் தட்டிலாவது போய் விழும். ஆனால் அடிக்கும்போது எழும் சத்தம் நெஞ்சுக்கு நிறைவாக இருக்கும். கறுப்பு நேர்மாறு. பந்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டு, மனமில்லாமல் அனுப்புவதுபோல் இருக்கும். ஆனால் உரசி விட்டால் சுழற்சி அபாரம். எதிர்ப்பக்கத்தில் விழுந்த பந்து, மறந்துபோன எதையோ எடுக்கப் போவதுபோல் சட்டென்று பக்கவாட்டில் திரும்பும். எது நீண்ட நாள் உழைக்கும் என்று பார்த்தோம். மேசை விளிம்பில் இடித்து இடித்துச் சிவப்பின் ஓரம் முதல் வாரமே பிய்ந்தது. கறுப்பு பிய்யவில்லை. ஆனால் தூசி, தலைமுடி, பிஸ்கட் தூள் எல்லாம் வந்து அதில் ஒட்டின. ஒருநாள் உயிருள்ள எறும்பு ஒன்று ஒட்டிக்கொண்டு காலை ஆட்டியது. எனக்குக் கறுப்புதான் பிடித்திருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா தீர்ப்புக் கூறிவிட்டார்.

“இது காயாத ஷீட்டு. ஈரத்தோட அனுப்பிட்டான்.”

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதில் மறுபேச்சு இல்லை. ரப்பர் பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, கொடியில் தொங்கவிட்டுக் காய வைப்பார்கள். கையில் ஒட்டுகிற தகடு சரியாகக் காயாதது, தரம் குறைந்தது. பிள்ளைகளுக்குக்கூட அது தெரியும். அந்த அறிவை அக்கா அப்படியே மட்டைக்குக் கொண்டு வந்தார்.

போட்டிக்கு முந்திய வார இறுதியில் பயிற்சிக்காக அவர் வீட்டுக்குப் போனேன். கறுப்பு ரப்பர் மட்டையிலிருந்து உரிக்கப்பட்டு, சலவைத் தூள் போட்டுத் துவைக்கப்பட்டு, கொடியில் அவருடைய அப்பாவின் சாரோங்குக்குப் பக்கத்தில் இரண்டு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே மொட்டை வெயில்.

“அக்கா, நெழல்ல வைக்கணும்னு தவுக்கே சொன்னாரே?”

“தவுக்கே பால் மரம் வெட்டியிருக்காரா? கடையில ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்கிற மனுசன்.”

அவருடைய அப்பா தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்தே ஓய்வு பெற்றவர். அவராவது தடுப்பார் என்று நம்பினேன். அவர் கொடிக்கு அருகில் போய் ரப்பரைத் திருப்பிப் பார்த்து, “வெயிலு பத்தாதும்மா. ஒருநாள் பொகையில போட்டா பூஞ்சை புடிக்காது,” என்றார். நல்ல வேளை, பக்கத்தில் புகைபோடும் கொட்டகை எதுவும் அப்போது இயங்கவில்லை.

திங்கட்கிழமை கறுப்பு ரப்பர் பழைய குடைத்துணியின் நிறத்தில் வந்து சேர்ந்தது. விரலை வைத்தால் கண்ணாடியில் வைத்ததுபோல் வழுக்கியது. “இப்பதான் ஃபர்ஸ்ட் கிரேட்டு,” என்றார் அக்கா. மேசைக்குப் போய் உரசிப் பார்த்தோம். சுழற்சி என்ற ஒன்றே இல்லை. பந்து சும்மா போய்ச் சும்மா விழுந்தது. வேறு ரப்பர் வாங்கவும் நேரமில்லை. மேசை போய்விட்டது என்றே நான் முடிவு செய்துவிட்டேன். அன்று கேண்டீனில் அட்டைப்பெட்டி எதைப் பார்த்தாலும் அது அந்த மூலைக்குத்தான் வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

முதல் சுற்றில் எதிரே நின்ற ஜோடியில் ஒரு பெண்ணின் சர்வ் பயங்கரமானது. பந்தை வாழைப்பழம்போல் வளைத்து அனுப்பினாள். அக்கா கறுப்புப் பக்கத்தைக் காட்டினார். பந்து எந்த அவசரமும் இல்லாமல் திரும்பிப் போனது. அந்தப் பெண்ணின் ஜோடி வழக்கம்போல் அடித்தாள். பந்து வலைக்குள் விழுந்தது. அடுத்ததும் வலைக்குள். கொஞ்சம் தூக்கி அடித்தாள், கூரையைப் பார்க்கப் போனது. அவர்கள் கொடுத்த சுழற்சியையே இந்தச் செத்த ரப்பர் ஏறுமாறாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை வெகு நாள் கழித்துத்தான் யாரோ எனக்கு விளக்கினார்கள். அன்று அவர்களுக்கும் புரியவில்லை, எங்களுக்கும் புரியவில்லை. நடுவர் மட்டையை வாங்கிக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். நான் அவரைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்து வைத்தேன். அக்காவோ, “நல்லா தேச்சு பாருங்க சார், ஒட்டாது,” என்றார் பெருமையாக. நடுவர் மட்டையைத் திருப்பிக் கொடுத்தார். உயரமாக எழும்பி வந்த பந்துகளை எல்லாம் நான் இடது கையால் அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு அடித்ததாக அக்கா பிறகு சொன்னார். ஜெயித்துவிட்டோம்.

இரண்டாம் சுற்றில் வந்தவர்கள் இரண்டு சாதுவான அம்மாக்கள். சுழற்சி, வேகம் எதுவும் தெரியாது. பந்தை மெல்லத் தள்ளினார்கள், மறுபடியும் மெல்லத் தள்ளினார்கள். ஏறுமாறாகத் திருப்பிக் கொடுக்க அதில் ஒன்றுமே இல்லை. படுதோல்வி. ஆனால் மேசை தப்பித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா மட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, “காஞ்ச ஷீட்டுன்னா காஞ்ச ஷீட்டுதான்லா,” என்றார். நான் தலையாட்டினேன். தப்பு நடந்ததால் ஜெயித்தோமா, அந்தத் தப்பு நடக்காமல் இருந்திருந்தால் இன்னும் ஒரு சுற்று ஜெயித்திருப்போமா என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி, தஞ்சோங் கிளிங்கில் வீடு. பெண் குழந்தைக்கு ஒன்பது மாதம். பால் புட்டிக்கு ரப்பர் காம்பு வாங்கப் போனால் இரண்டு மூன்று வகைகளைக் கன்னத்தில் அழுத்திப் பார்க்கிறேன். என் கணவர் கொஞ்சம் தள்ளி, வேறு யாரோபோல் நிற்கிறார். போன மாதம் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே அக்கா கேண்டீனில் பிடித்துக்கொண்டார். நான் இல்லாத வருடம் விளையாட்டே நடக்கவில்லையாம். இந்த வருடம் நடக்கிறது. நிபந்தனை அப்படியே இருக்கிறது. மேனேஜர் அந்த மூலையை டேப்பால் அளந்துவிட்டும் போயிருக்கிறார். அக்கா இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். பேசும்போது அதைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். “வேற ஆளு யாரும் எனக்கு ஒத்து வரல தங்கச்சி. ஒருநாள்தான். புள்ளையையும் தூக்கிட்டு வா,” என்றார்.

மாமியார் மண்டபத்துக்கே தாமும் வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். கணவரும் போகச் சொல்கிறார். தடுக்க யாருமே இல்லாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. புது ஆள் கொடுத்தாலும், புது இடத்தில் கொடுத்தாலும் என் மகள் புட்டியை வாயில் வாங்க மாட்டாள். அவள் அழ ஆரம்பித்தால் மூன்று கடைக்கு அப்பால் இருப்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். அக்காவிடம் இன்னும் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ரப்பரைக் காயவைப்பதா வேண்டாமா என்பதை அக்காவே பார்த்துக்கொள்ளட்டும். கைக்குழந்தையோடு ஒரு போட்டிக்கோ, பரீட்சைக்கோ, மேடைக்கோ போன அம்மாக்கள் இதைப் படித்தால் எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் இருபத்தொரு புள்ளி ஆட்டம் இருபதுக்கு இருபது என்று நிற்கிறது. சர்வ் என் கையில். அக்கா பக்கத்தில் நிற்கிறார். மண்டபத்தின் கடைசியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது என்று நான் கேட்கவில்லை. நீங்களாக இருந்தால் முதலில் பந்தைப் போடுவீர்களா, குழந்தையிடம் போவீர்களா?