எங்கள் கிணற்றுத் தண்ணீரும் தம்பியின் காலும்

முதலாளியின் நிலத்தில் நாங்கள் குடியிருந்த பத்து சென்ட் பூமி எங்கள் பெயருக்கு ஆனதும் அம்மா வீடு கட்டச் சொல்லவில்லை, கிணறு வெட்டச் சொன்னாள். கேரள எல்லையில் பாறசாலைக்கு வடக்கே எங்கள் ஊரில், அதுவரை முதலாளி வீட்டுக் கிணற்றடியில் குடத்தோடு தள்ளி நிற்க வேண்டும். அந்த வீட்டில் யாருக்காவது மனமிரங்கினால் ஊற்றுவார்கள். கொத்தனாரான என் தம்பியே இறங்கி வெட்டினான். ஊற்றுக் கண்ட அன்று மம்பட்டி பட்டுப் பாதம் கிழிந்தது. அவனுக்கு கல்ஃப் விசா வந்திருந்த நேரம். பம்பாயில் மெடிக்கல் பரிசோதனை முடித்து விமானம் ஏறுவதுதான் பாக்கி.

நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தேன். ஊரில் எனக்கு 'மூத்திரம் நோக்குறவ' என்று பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும், கழுதைகள்.

ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் தம்பி கட்டிலில் காலை நீட்டிக் கிடக்கிறான். கட்டை அவிழ்த்தேன். பச்சைச் சீழ். புண்ணின் ஓரமெல்லாம் கரைந்து உள்ளே வெள்ளையாக நரம்பு தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில கெடந்தா விசா போவும் அக்கா. மெடிக்கலுக்கு முன்ன ஆறிரும்," என்றான்.

"எலே, காலு போவும் உனக்கு," என்று கத்தினேன்.

"நீ பேடிக்காத மக்கா," என்று என்னைத் தேற்றினாள் அம்மா. "தெனமும் நம்ம கெணத்துத் தண்ணி விட்டுதான் கழுவுதேன்."

மூலையில் ஒரு பானை நிறையக் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் கட்டுப்போடக் கிழித்த வேட்டித் துணி ஊறிக்கொண்டிருந்தது. காய்ச்சினாயா என்று கேட்டேன்.

"காய்ச்சுகதுக்கு இது என்ன முதலாளிக்க கெணத்துத் தண்ணியா? நம்ம தண்ணியாக்கும்."

அன்றே கார் பிடித்து அவனை எங்கள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். கையோடு பானைத் தண்ணீரையும் ஒரு குப்பியில் எடுத்துக்கொண்டேன்.

லேபில் ஜெலட்டின் ஊற்றிய குழாய் உண்டு. குளிரவைத்தால் நுங்கு மாதிரி கெட்டியாக நிற்கும். புரதத்தை வெட்டும் நொதியைச் சுரக்கிற கிருமி அதில் வளர்ந்தால், ஐஸில் வைத்தாலும் உறையாது. எத்தனையோ பேருடைய சீழை இப்படிப் பார்த்து, 'பாசிட்டிவ்' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். ஜெலட்டினும் புரதம், தசையும் புரதம் என்பது தெரியாமலா? ஆனால் தம்பியின் சீழை வளர்த்த குழாய் சாய்த்ததும் தண்ணீராக ஓடியபோது, அதை மறுபடியும் ஐஸில் வைத்து எடுத்துப் பார்த்தேன். பானைத் தண்ணீரில் வளர்ந்ததும் அதே பச்சைக் கிருமி. அந்தக் குழாயும் ஓடியது.

தண்ணீரில் அது பரம சாது என்றார் டாக்டர். புண்ணுக்குள் புகுந்து பெருகினால்தான் நொதி என்ற கத்தரியை எடுக்கும். தசையைத் தாங்கும் இழைகளை வெட்டும், அதை எதிர்க்க நம் உடம்பு அனுப்பும் புரதங்களையும் வெட்டும். இடம் மாறியதும் தனக்குள் இருக்கும் வேண்டாத புரதங்களையே வெட்டிப் போட்டுவிட்டுப் புது ஆளாகிவிடும் என்று பிற்பாடு படித்தேன். என்ன சாமர்த்தியம் அந்தச் சனியனுக்கு.

பானைத் தண்ணீரிலிருந்துதான் கிருமி வந்தது என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த குப்பியைத் திறந்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மடமடவென்று குடித்தாள்.

"நானும் இதத்தானே குடிக்கேன். எனக்கு ஒண்ணும் வரல்லியே."

"குடிச்சா வராது அம்மா. பானையில கெடந்தத புண்ணுல விட்டதுதான்."

"நம்ம தண்ணியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். பிறகு குப்பியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். விசாவும் போயிற்று. கால் போனது தெரிந்து தம்பி ஒரு பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடந்தான். மறுநாள் அம்மா பக்கம் திரும்பினான்.

"அம்மா, இந்தப் பைப்புத் தண்ணி எறங்கல்ல. நம்ம கெணத்துத் தண்ணி உண்டா?"

நான் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தேன். அவள் பையிலிருந்து குப்பியை எடுத்துத் தம்ளரில் ஊற்றினாள். அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள்.

"காய்ச்சினதாக்கும்," என்றாள் என்னிடம், நான் கேட்காமலே.