இருவருக்கு ஒரு கருவி

டாக்டரம்மா அந்தக் கருவியை முதன்முதலில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. அவர் குரோம்பேட்டையில் பல் வைத்தியம் பார்ப்பவர். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய குட்டி விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு தனியார் ஓடுபாதையிலிருந்து தானே ஓட்டுவார். அதன் ரேடியோவும் மின்சாதனங்களும் என் பொறுப்பு.

தான் யார், எங்கே இருக்கிறோம் என்று விநாடிக்கு விநாடி அறிவிக்கும் கருவி எல்லா விமானங்களுக்கும் கட்டாயம் என்று விதி வந்திருந்தது. பொழிச்சலூரில் என் மொட்டை மாடிக்கு மேலே தாழ்ந்து இறங்கும் பெரிய விமானங்களுக்கு அதன் விலை ஒரு பொருட்டே இல்லை. டாக்டரம்மாவுக்கோ அது பாதி விமானத்தின் விலை. "வாங்குறது நான், அதை வச்சு என்னைப் பாக்குறது ஏர்போர்ட்காரங்க. இது என்ன நியாயம் பாய்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னையும் விடாமல் குடைந்தது. பார்க்கிறவர்தானே செலவழிக்க வேண்டும்?

கெட்டிக்காரத்தனமாக நான்தான் ஒரு வழி சொன்னேன். அதே ஓடுபாதையில் ஓய்வுபெற்ற கேப்டன் ஒருவரும் அப்படியொரு விமானம் வைத்திருந்தார். அவர் பறப்பது ஞாயிற்றுக்கிழமை. இருவரும் சேர்ந்து ஒரே கருவியை வாங்கினார்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் தனி எண் உண்டு. கருவியைக் கழற்றி மாட்டும்போதெல்லாம் எண்ணையும் மாற்றுவது என் வேலை. இப்படிச் செய்யக்கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை என்று தேடிக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏகப் பெருமை.

பெருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் டாக்டரம்மாவின் விமானத்தில் கருவியை மாட்டினேன். எண்ணை மாற்ற மறந்துவிட்டேன். அன்று பார்த்து நடுவானில் இன்ஜின் நின்றது. வற்றிய ஏரி ஒன்றில் இறக்கியதில் டாக்டரம்மாவுக்குக் கால் முறிந்தது. கருவி இடத்தைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் ஏர்போர்ட்காரர்களின் திரையில் தெரிந்தது கேப்டனின் எண். என்ன ஆயிற்று என்று அவருடைய வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார்கள். "நான் தாம்பரத்துல வீட்ல உக்காந்து டிபன் சாப்டுட்டிருக்கேன் சார். என் பிளேன் ஷெட்லதான் நிக்குது" என்று அவர் உள்ளதைச் சொன்னார். கருவியில் ஏதோ கோளாறு என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். ஆடு மேய்ப்பவர்கள் பார்க்கும்வரை நான்கு மணி நேரம் டாக்டரம்மா வெயிலில் கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. "கேப்டன் டிபன் சாப்பிடறார்னதும் எல்லாருக்கும் நிம்மதியா இருந்திருக்கும், இல்ல பாய்?" என்று சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சின்ன விமானக்காரர்களுக்கு அந்த விதி அநியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். முன்போல் குரலை உயர்த்திச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

கால் சரியான பிறகும் டாக்டரம்மா பறக்கவில்லை. "கேப்டனே வச்சுக்கட்டும். அவர் நம்பரைப் போட்டுக் குடுத்துடுங்க பாய்" என்று கருவியை என்னிடம் அனுப்பிவைத்தார். பட்டறையில் தனியாக உட்கார்ந்து அதை இயக்கினேன். கேப்டனின் எண் ஏற்கெனவே அதில் இருந்தது. நான் மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை.