கொறடாவின் கண்ணாடி

வாக்கெடுப்பு மணி அடித்தால் மெம்பர் தன் மேஜைமேல் இருக்கும் காகிதத்தைப் பார்ப்பதில்லை. இடது பக்கம் திரும்பி, முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கட்சிக் கொறடாவின் மூக்கைப் பார்ப்பார். மூக்கின்மேல் கண்ணாடி இருந்தால் பச்சைப் பொத்தான். கண்ணாடி கழற்றிக் கையில் இருந்தால் சிவப்பு. பச்சை என்றால் ஆம், சிவப்பு என்றால் இல்லை. கட்சிக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு இது. நாட்டுக்கே சட்டம் செய்கிற சபையில் அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் அந்த ஒரு மூக்குதான்.

அழுத்தி முடித்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். "ஆச்சு" என்பார் பக்கத்து இருக்கைக்காரரிடம். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டு வருகிறவர் முகம்போல அப்போது அவர் முகம் தெளிந்திருக்கும்.

சபைக்கு வருவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கூட்டுகிறவர்கள் துடைப்பத்தை ஓரம் வைப்பதற்குள் வந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் இருக்கைக்கு நேர் மேலே குளிர்காற்று வரும் துவாரம். இடம் மாற்றிக் கேட்கலாம்தான். கேட்கவில்லை. கழுத்தில் ஒரு மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு இருந்துவிட்டார். இத்தனை காலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: எங்கள் ஊர்ப் பாலத்து விளக்குகள் எப்போது எரியும்? "கவனத்தில் இருக்கிறது" என்று அமைச்சர் பதில் சொன்னார். அந்தப் பதில் மெம்பருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து மனு கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் "கவனத்துல இருக்கு, கவனத்துல இருக்கு" என்று அதையே எடுத்துக் கொடுத்தார். பாலம் இன்றைக்கும் இருட்டாகத்தான் கிடக்கிறது.

மெம்பர் ஆவதற்கு முன் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்தார். யாரைப் பார்த்தாலும் முதலில் காலைப் பார்க்கும் பழக்கம் அங்கே வந்தது. வாடிக்கையாளர் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, ஷூவுக்குள் இறக்கிவிடுவார். "இது எனக்கு நல்லா இருக்கா?" என்று யாராவது கேட்டால், "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு" என்பார். வேறொன்றைக் காட்டி "அப்ப இது?" என்றால், "இது அதைவிட எடுப்பு." இல்லை என்று ஒரு வாடிக்கையாளரிடமும் அவர் சொன்னதில்லை. ஊரில் எல்லாருக்கும் வேண்டிய ஒருவரைக் கட்சி தேடியபோது, எல்லார் விரலும் அவர் கடையைக் காட்டியதில் வியப்பில்லை.

கெட்டவர் என்று எந்தச் சாமி முன்னால் நின்றும் சொல்ல முடியாது. ஊருக்கு வந்தால் ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்குவார். சாவு வீட்டில் நாற்காலி தூக்கிப் போடுவார். பள்ளிக்கூட விழாவில் பரிசு கொடுத்துவிட்டு, வாங்கிய பிள்ளையின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தால் மேடையிலேயே குனிந்து கட்டிவிடுவார். டீக்கடை அக்கா மட்டும் அவரை விடமாட்டாள்.

"மெம்பரே, வாயைச் சபையிலேயே வச்சுட்டு வந்துட்டீங்களா, இல்ல இங்கேயே மறந்துட்டுப் போனீங்களா?"

"டீயைக் குடுக்கா. வாய் இருக்கா இல்லையான்னு குடிச்சுக் காட்டுறேன்."

கடையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். டம்ளரைக் கீழே வைக்கும்போது சிரிப்பு முகத்தில் இருக்காது.

அவர் மனைவியை ஊரார் நர்சம்மா என்பார்கள். ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் கன்னிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தவர், தலை நரைத்தும் அங்கேயே இருந்தார். ஒவ்வொரு குழந்தை வெளியே வரும்போதும் கண்ணை மூடி ஒரு கணம் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் தாயிடம் கொடுப்பார். தனக்கென்று ஒரு குழந்தையை ஆண்டவன் கொடுக்கவில்லையே என்று யாரிடமும் அவர் குறைப்பட்டதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. பெயர் என்னவோ நீளமாக, அழகாகத்தான் இருந்தது. சின்ன ஊர்களின் பிரசவ வார்டுகளை மூடிவிட்டு, எல்லாவற்றையும் பெரிய நகரத்து ஆஸ்பத்திரியோடு சேர்ப்பது அதன் உள்விஷயம். நகரத்துக்குப் போகிற சாலை ஆற்றைச் சுற்றிக்கொண்டு போகிறது. மழை பெய்தால் அதுவும் இல்லை. சிக்கலான ஒரு பிரசவத்தை நகரத்துக்குக் கொண்டுபோனபோது, பாதி வழியில் வேனுக்குள் பிரசவம் பார்த்த கை நர்சம்மாவுடையது. அந்தக் குழந்தை பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை.

சபைக்குக் கிளம்புகிற காலையில் அவருடைய மஃப்ளரை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே நர்சம்மா கேட்டார்.

"என்னங்க, அந்த வார்டு விஷயம் இந்தத் தடவை வருதாமே?"

"வரும்னு சொல்றாங்க."

"உங்களைப் பேசச் சொல்லலை. சிவப்பை அழுத்துங்கன்னும் சொல்லலை. மணி அடிக்கும்போது எழுந்து பாத்ரூம் போயிருங்க. அது போதும் எனக்கு."

"கவனத்துல இருக்கும்மா."

நர்சம்மா பெட்டியைப் படக்கென்று மூடினார். "அந்த வார்த்தையை ஊராருக்கு வச்சுக்குங்க. வீட்டுக்குள்ள கொண்டாராதீங்க."

பாத்ரூம் போய்விடலாம் என்றுதான் மெம்பரும் எண்ணியிருந்தார். கடவுள் அறிவார், அந்த எண்ணம் அவருக்கு மெய்யாகவே இருந்தது. ஆனால் மணி அடித்தபோது கால் எழவில்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார், கதவருகே நிற்கும் காவலர் என்ன கேட்பார் என்று யோசித்து முடிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். வேறு வழி தெரியாமல் இடது பக்கம் திரும்பினார்.

கொறடாவின் மூக்கில் கண்ணாடி இல்லை.

மெம்பர் இன்னொரு முறை பார்த்தார். இல்லைதான். கண்ணாடி கையில் இருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்சி மனம் மாறிவிட்டது! யாரோ எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள், யாருக்கோ இரக்கம் வந்திருக்கிறது. நாம் நினைத்தது போலில்லை, நல்ல மனுஷர்கள்தான் என்று கண் கலங்கச் சிவப்பை அழுத்தினார். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அழுத்தினார். மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

பக்கத்து இருக்கைக்காரர் முழங்கையால் இடித்தார். "யோவ், என்னய்யா பண்ணித் தொலைச்சே? பலகையைப் பாரு!"

சுவரில் பெரிய பலகை. அவர்கள் கட்சியின் பக்கம் முழுக்கப் பச்சையாக எரிந்தது. நடுவில் ஒரே ஒரு சிவப்பு. கொறடா கண்ணைக் கசக்கி முடித்து, கைக்குட்டையால் ஒற்றி, கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணில் தூசி.

சட்டம் நிறைவேறிவிட்டது. அந்த ஒரு சிவப்பால் ஒன்றும் குறையவில்லை.

ஊர் பஸ் நிலையத்தில் அவர் இறங்கியபோது கூட்டம் நின்றது. வார்டு போனதைப் பற்றிச் சண்டைக்கு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே கால்களைப் பார்த்தார். எல்லாக் கால்களும் அவரை நோக்கி வந்தன. டீக்கடை அக்கா முந்திக்கொண்டு அவர் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அண்ணே, நான் வாய்த்துடுக்கா எத்தனையோ பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க. வார்டு போனாப் போகுது. டிவியில அந்த ஒத்தைச் சிவப்பைப் பாத்தோம். எங்களுக்குன்னு ஒத்தை ஆளு இருந்தீங்களே, அது போதும்."

இதுவரைக்கும் அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. "அதுவந்து அக்கா..." என்று ஆரம்பித்தார். யாரோ ஒரு தாய் தன் கைக்குழந்தையை அவர் தோளில் சாய்த்தாள். அவர் குழந்தையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

கூட்டத்துக்குப் பின்னால் நர்சம்மா தனியாக நின்றிருந்தார். வேலை முடிந்து நேராக வந்திருந்தார் போலும், வெள்ளை ஷூவில் சேறு. மெம்பரின் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டில் நர்சம்மா நாற்காலியில் உட்கார்ந்ததும் மெம்பர் அவர் முன் முழங்காலை ஊன்றினார், கடையில் உட்காருவது போலவே. வீங்கிய பாதத்தை ஏந்தி லேஸை அவிழ்த்தார். கல்யாணமான புதிதில் தினமும் செய்தது. மெம்பரான பிறகு நின்றுபோயிருந்தது.

"நான் உனக்கு ஒண்ணு சொல்லணும்."

"ஒண்ணும் சொல்லாதீங்க." அவர் தலையில் நர்சம்மா கையை வைத்தார். "பாத்ரூம் போங்கன்னு சொன்னேன் பாருங்க, என்னை என்னான்னு சொல்றது. உங்களை அவ்வளவுதான் நினைச்சிருந்தேன். மன்னிச்சிருங்க."

மெம்பர் குனிந்தபடியே மற்ற ஷூவின் லேஸையும் அவிழ்த்தார். அந்த வாரம் முழுக்க அவர் செய்த பொதுப்பணி அது ஒன்றுதான். தினமும் மாலையில் வாசலில் காத்திருந்து, நர்சம்மா வந்ததும் முழங்காலை ஊன்றினார்.

கொறடா கூப்பிட்டனுப்பினார். மெம்பரைவிட வயதில் சின்னவர். மரியாதை தெரிந்தவர். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார்.

"அண்ணே, தப்பு என் கண்ணுலதான். உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டேன். சபையில எழுந்து, தவறுதலா அழுத்திட்டேன், ஆம்னு திருத்திக்குங்கன்னு ஒரு வரி சொல்லிருங்க. முடிஞ்சுது."

மெம்பர் மஃப்ளரின் நுனியை முறுக்கினார். "தம்பி... அதான் சட்டம் வந்துருச்சே. ஒண்ணும் மாறலையே. அந்த ஒரு சிவப்பு அங்கே இருந்துட்டுப் போகட்டுமே."

வாழ்க்கையில் அவர் சொன்னதிலேயே 'இல்லை'க்கு மிகவும் பக்கத்தில் வந்த வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு அவருக்கே மூச்சு வாங்கிற்று.

கொறடா கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார். மெம்பரின் கண்கள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. துடைத்து முடித்துக் கண்ணாடியை மூக்கில் மாட்டினார். மெம்பரின் தலை தானாக ஆடியது.

"சரி தம்பி," என்றார்.

சபையில் அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது. ஆஸ்பத்திரித் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. கட்டில்களை லாரியில் ஏற்றுகிறவர்கள்கூட ஒரு காலை லாரியில் வைத்துக்கொண்டு பார்த்தார்களாம். மஃப்ளர் போட்ட ஒருவர் எழுந்து, தன் வாக்கை ஆம் என்று திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு, உட்கார்ந்து, மிட்டாயை எடுத்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நிலையத்தில் யாரும் இல்லை. டீக்கடை அக்கா மட்டும் இருந்தாள். பாத்திரத்தை விளக்கிக்கொண்டு, நிமிரவில்லை. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

நர்சம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வார்டில் அன்றுதான் கடைசி நாள். சுவரில் மாட்டியிருந்த பழைய கடிகாரத்தை யாரோ அவரிடமே கொடுத்துவிட்டிருந்தார்கள். அது மடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப அன்னிக்கு நீங்க அழுத்துனது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் கண்ணுல தூசி விழுந்துருச்சும்மா. கண்ணாடியைக் கழட்டிட்டார். நான்..."

"தூசியா," என்றார் நர்சம்மா.

மெம்பர் பெட்டியை ஓரமாக வைத்தார். அருகே வந்து, முழங்காலை ஊன்றி, இரண்டு கையையும் நீட்டினார். நர்சம்மா கால்களை மெல்ல நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். தானே குனிந்து லேஸை அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, இடுப்பும் வளையவில்லை. விட்டுவிட்டார். ஷூவோடு அப்படியே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நீட்டிய கைகள் நீட்டியபடி இருந்தன. எழுவதா, அப்படியே இருப்பதா என்று மெம்பருக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் இருக்கிறதுபோல, இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர் இருந்தது.