அட்ராக்டா சாத்திய கேட்

அயர்லாந்தில் எங்கள் மேயோ பக்கத்தில் அட்ராக்டாவைத் தெரியாதவர் இல்லை. கேட் சாத்துகிறவள் என்றால் போதும். ரயில் நின்றுபோன தடத்தைச் சைக்கிள் பாதையாக்கியபோது, விவசாயிகள் தங்கள் நிலத்தில் வழிவிட்டது வெறும் வாய்வார்த்தையில்தான். ஒருவன் முறுக்கிக்கொண்டால் பாதை அவ்வளவுதான். அதனால் வெளியூர்க்காரர்கள் திறந்துபோட்டுப் போகிற கேட்டையெல்லாம் இவள் திட்டிக்கொண்டே சாத்துவாள்.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கவாதம் வந்த கணவன் ஃபின்பார் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கிறான். மாலையில் இவள் போய் ஊட்டினால்தான் வாய் திறப்பான். தார்ச்சாலையில் லாரிகள் உரசிக்கொண்டு போகும். அதில் சைக்கிள் விட்டால் உயிருக்கு உத்தரவாதமில்லை. அவளுக்கு இந்தப் பாதையை விட்டால் வேறு கதியில்லை.

அந்தக் கோடையில், எப்போதும் மழை கொட்டுகிற எங்கள் ஊரிலேயே மழை பொய்த்தது. ஒரு மாலை நானும் துணைக்குப் போனேன். பாதைக்கு வழிவிட்ட விவசாயி மார்ட்டின் ஜோவின் மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் நடுவே, பாதையை மறித்து நிற்கும் கேட் திறந்து கிடந்தது.

"பாத்தியா! இவனுங்க வீட்டுக்குக் கதவே கிடையாதா?" என்று இறங்கிச் சாத்தி, கொண்டியை மாட்டி, இழுத்தும் பார்த்தாள்.

ஃபின்பாருக்கு ஊட்டிவிட்டுத் திரும்பும்போது வெளிச்சம் நன்றாகவே இருந்தது. கீழ்வயலைத் தாண்டி, பாறையை வெட்டிப் பாதை விட்ட இடத்துக்குள் நுழைந்தோம். இருபுறமும் ஏற முடியாத சுவர். எதிரே ஒரு பசு நின்றது. முன்னங்காலில் முள்கம்பி கிழித்து ரத்தம். எங்களுக்குப் பின்னால் ஒரு கன்று கத்தியது.

"இயேசு மரி சூசையே! தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டோம்டி. ஓடாத. சைக்கிளை முன்னால வச்சுக்கிட்டு சுவரோட ஒட்டு."

பசு தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறியது. அது பாய்ந்து வந்தது. கொம்பு என் சைக்கிளை இடித்துச் சாய்த்தது. அதற்குள் கன்று எங்களை உரசிக்கொண்டு ஓடி மடியில் முட்டியது. பசு அடங்கியது.

பசு வந்த வழியே மார்ட்டின் ஜோ கம்போடு மூச்சிரைக்க வந்தான். "மேல குட்டை வத்திப்போச்சு, கீழ ஓடையில குடிக்கட்டும்னு நானே கேட்டைத் திறந்து வச்சேன். கன்னு இறங்கினதும் எந்தப் பரதேசியோ சாத்திட்டான்! தாய்ப்பசு வேலியை உடைச்சுக்கிட்டு வந்திருக்கு. நாளைக்கே பூட்டுறேன். இனி ஒரு சைக்கிள் என் நிலத்துல வராது."

பேசாதே என்று அவள் கையைக் கிள்ளினேன்.

"நான்தான் சாத்தினேன்" என்றாள்.

"நீயா? திறந்த கேட்டைத் திறந்தபடி விடு, சாத்தின கேட்டைச் சாத்தினபடி விடுன்னு உங்கப்பன் சொல்லித் தரலையா?"

"தந்தாரு. புத்தி கெட்டுப்போச்சு. பூட்டிடாத, மார்ட்டின் ஜோ. ஃபின்பார் பட்டினி கிடப்பாரு."

அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மாலை இருவரும் கிளம்பினோம். தூரத்திலிருந்தே கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். பூட்டு இல்லை. கேட் அகலத் திறந்திருந்தது. அதில் சிவப்புப் பெயின்டில், ஊரே படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதியிருந்தான்:

"அட்ராக்டா, தொடாதே."